லேப்டாப்பில் குதிரை வளர்க்கலாமா?

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் சாக்கெட் தெரியும். இரண்டு வரிசையில் 16 பின்கள். ஓ.பி.டி. போர்ட் என்று பெயர். சர்வீஸுக்குக் காரை விட்டால் மெக்கானிக் முதலில் வயரைச் செருகுவது இதில்தான். 'செக் இன்ஜின்' விளக்கு ஏன் எரிகிறது என்று பார்ப்பதற்காக வைத்த வழி இது. இப்போது வீட்டு போர்டிகோவில் லேப்டாப்போடு உட்கார்ந்து, இதே வழியாக இன்ஜினின் மூளைக்குள் புகுந்து அதன் கணக்கையே மாற்றி எழுதுகிறார்கள். 'ரீமேப்', 'ஸ்டேஜ் ஒன்' என்று பல பெயர்கள். "ஒரு மணி நேர வேலைதான் ப்ரோ, 20 ஹெச்.பி. ஏறிடும்" என்று சொல்லும் நண்பர் இன்று எல்லார் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒருவராவது இருக்கிறார்.

அவர் சொல்வது பொய்யில்லை. டர்போ இன்ஜினில் அது முடியும். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜினில் இதே வேலையைச் செய்தால் கிடைப்பது ஐந்தாறு குதிரைதான், அதற்கே மெனக்கெட வேண்டும். டர்போவில் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும், காலுக்கே வித்தியாசம் தெரியும். ஆசை அங்கேதான் ஆரம்பிக்கிறது, ஆபத்தும் அங்கேதான்.

தமிழ்நாட்டுக்கு இந்த ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. நாட்டின் சின்ன டர்போ பெட்ரோல் கார்களில் கணிசமானவை நம் ஊரில்தான் பிறக்கின்றன. ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013-இல் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினோடு மறைமலைநகரிலிருந்து வந்தது. 1,500 சி.சி. கார்கள் 100 குதிரையைத் தாண்டினாலே பேசப்பட்ட காலத்தில், 999 சி.சி.யில் 125 குதிரை. 2019-இல் ஹூண்டாய் வென்யூ 120 குதிரையோடு இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டு ஒரகடத்திலிருந்து நிஸான் மேக்னைட். கோவைக்கு இது இன்னும் பழைய சங்கதி. எண்பதுகளின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' ரேஸ் கார்களைச் செய்து ஓடவிட்டவர் கோவையின் எஸ்.கரிவரதன். அந்தக் காலத்து ட்யூனிங்குக்கு ஸ்க்ரூடிரைவரும் கார்புரேட்டர் ஜெட்டும் கூர்மையான காதும் வேண்டும். தப்பாகச் செய்தால் வண்டி திணறும், புகை கக்கும், நின்றுபோகும். தப்பு உடனே தெரிந்துவிடும்.

டர்போவில் தப்பு உடனே தெரியாது. தப்பாக ட்யூன் செய்த டர்போ கார் முதல் மாதம் பிரமாதமாக ஓடும். சிக்கலே அதுதான்.

அந்த 20 குதிரை எங்கே இருந்தது?

இன்ஜினின் மூளை, அதாவது இ.சி.யூ., யோசிப்பதில்லை. அட்டவணையைப் பார்த்து நடந்துகொள்கிறது. ஒரு பக்கம் இன்ஜின் வேகம், இன்னொரு பக்கம் சிலிண்டருக்குள் போகும் காற்றின் அளவு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். பிஸ்டன் மேலே வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் அடிக்க வேண்டும் என்பதற்கு ஓர் அட்டவணை, எவ்வளவு பெட்ரோல் என்பதற்கு ஒன்று, டர்போ எவ்வளவு அழுத்தம் தரலாம் என்பதற்கு ஒன்று. இப்போதைய கார்களில் நாம் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது நேராகத் த்ராட்டிலைத் திறப்பதில்லை. 'இவ்வளவு டார்க் வேண்டும்' என்ற கோரிக்கையாகத்தான் அது போகிறது. கியர்பாக்ஸ் தாங்குமா, காற்று சூடாக இருக்கிறதா, பெட்ரோல் எப்படி என்று பல அட்டவணைகளைத் தாண்டித்தான் அந்தக் கோரிக்கை நிறைவேறுகிறது. 'மேப்' என்று அழைக்கப்படும் இந்த அட்டவணைகளின் எண்களைத்தான் ட்யூனர் தொடுகிறார்.

ஃபோக்ஸ்வாகனின் ஒரு லிட்டர் டி.எஸ்.ஐ. இன்ஜின் வெளிநாடுகளில் 95 குதிரையில் விற்றது. இங்கே போலோவில் 110, டைகுனில் 115. உள்ளே சில பாகங்கள் மாறலாம், ஆனால் அடிப்படை இன்ஜின் ஒன்றுதான். இதைப் பார்ப்பவர்களுக்கு ஒரு முடிவு சட்டென்று தோன்றும்: 'கம்பெனிக்காரன் பவரை ஒளித்து வைத்திருக்கிறான், நாம் எடுத்துக்கொள்ளலாம்.'

பாதி உண்மை. மிச்சம் வைத்திருக்கிறார்கள்தான். ஆனால் அது அஞ்சறைப்பெட்டியில் மிளகுக்கு அடியில் அம்மா செருகி வைக்கும் பணத்தைப் போன்றது. பார்க்கிறவனுக்குச் சும்மா கிடப்பதாகத் தெரியும். எந்தச் செலவுக்கு என்று வைத்தவளுக்குத் தெரியும். இன்ஜினில் அந்தச் செலவுகளின் பெயர்கள்: மே மாத வேலூர் வெயில், நெடுஞ்சாலையில் வேறு வழியில்லாமல் பெட்ரோல் போட்ட ஏதோ ஒரு பங்க், ஐந்து பேரும் லக்கேஜும் ஏ.சி.யுமாக மலையேறும் ஒரு சனிக்கிழமை.

மலையையே எடுத்துக்கொள்வோம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பார் என்றால் அங்கே 0.77 பார்தான். சிலிண்டருக்குள் 2 பார் முழு அழுத்தம் வேண்டும் என்று அட்டவணை கேட்டால், சென்னையில் டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் அதே 2 பாருக்கு 2.6 மடங்கு அழுத்த வேண்டும். டர்போவின் குட்டிச் சக்கரம் ஏற்கெனவே நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகக்கூடியது. இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். கம்பெனி அட்டவணையில் உயரத்துக்கென்று தனி வரம்பு உண்டு. சமவெளியில் ஓட்டிப் பார்த்து 'சூப்பரா இருக்கு' என்று முடித்த மேப்பில் அந்த வரம்பைத் தூக்கியிருந்தால், அது தெரியவரும் இடம் குன்னூருக்கு மேலே ஏதோ ஒரு ஹேர்பின் வளைவாகத்தான் இருக்கும்.

நாக்கிங்

டர்போ ட்யூனிங் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் கற்றுக்கொள்ள நேரமிருக்கிறது என்றால், நாக்கிங்கைக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் வருகிறது.

காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும். 35 டிகிரி வெளிக்காற்றை உள்ளே இழுத்து, டர்போ 1 பார் கூடுதல் அழுத்தம் தந்தால் வெளியே வரும் காற்று ஏறத்தாழ 130 டிகிரியில் இருக்கும். இன்டர்கூலர் அதை 50, 60 டிகிரிக்கு இறக்குகிறது. டிராஃபிக்கில் நின்று நின்று இன்டர்கூலரே சூடேறிவிட்டால் அதுவும் முடியாது. இந்தச் சூடான, நெருக்கமான காற்றில் பெட்ரோல் கலந்து, பிஸ்டன் அதை இன்னும் பத்து மடங்கு நசுக்குகிறது. ஸ்பார்க் அடித்ததும் தீ பிளக்கிலிருந்து கிளம்பி ஒழுங்காக விளிம்பை நோக்கிப் பரவ வேண்டும். ஆனால் தீ வந்து சேருவதற்குள் ஓரத்தில் மீதமிருக்கும் கலவை, சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே ஒரே நேரத்தில் பற்றிக்கொள்வது உண்டு. அதுதான் நாக்கிங். அப்போது கிளம்பும் அழுத்த அலை சிலிண்டர் சுவர்களுக்கு இடையே முட்டி மோதி எதிரொலிக்கிறது. சின்ன இன்ஜின்களில் அதன் அதிர்வு விநாடிக்கு ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை இருக்கும். டப்பாவில் போட்ட கோலிக்குண்டு போல 'கிணிகிணி' என்று நம் காதில் விழும் அந்தச் சத்தம், ஜன்னலை ஏற்றிப் பாட்டுப் போட்டிருந்தால் கேட்கவே கேட்காது.

சத்தத்தால் பாதிப்பில்லை. எரியும் வாயு இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் இருக்கும். பிஸ்டன் அலுமினியக் கலவை, அறுநூறு டிகிரியைத் தாங்காது. இருந்தும் பிஸ்டன் உருகாமல் இருப்பதற்குக் காரணம், உலோகத்தை ஒட்டி நிற்கும் மெல்லிய குளிர்ந்த வாயுப் படலம். நாக்கிங் அலை அந்தப் படலத்தைத் துடைத்துவிடுகிறது. நெருப்பு நேராக உலோகத்தைத் தொடுகிறது. பிஸ்டன் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய வரம்பு முதலில் விரிசல் விடும். ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், பிக்-அப் மந்தமாகும், பிறகு ஒருநாள் நீலப்புகை.

இதை முதலில் அனுபவித்தவர்கள் அமெரிக்கர்கள். டர்போ என்ற யோசனைக்கு ஸ்விட்சர்லாந்து இன்ஜினீயர் ஆல்ஃபிரட் பூஷி 1905-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். கப்பல், விமானம், லாரி என்று சுற்றி அது பயணிகள் காருக்கு வந்தது 1962-இல். அந்த ஆண்டு வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரின் நிலை பரிதாபம். கம்ப்ரெஷன் 10.25, அந்தக் காலத்து டர்போ இன்ஜினுக்கு அது மிக அதிகம். நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உள்ளே பீய்ச்ச ஏற்பாடு செய்தார்கள். 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று ஆர்ப்பாட்டமான பெயர். டேங்க் காலியானால் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் வைத்தார்கள். ஆனால் வாங்கியவர்கள் அந்தத் திரவத்தை நிரப்பவே மறந்தார்கள், 'வண்டி இழுக்கவில்லை' என்று திரும்ப வந்தார்கள். இரண்டு வருஷத்தில் ஜெட்ஃபயரின் கதை முடிந்தது. பல கார்களில் டர்போவையே கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

விடை கிடைத்தது ஸ்வீடனில். எண்பதுகளின் தொடக்கத்தில் சாப் கம்பெனி, இன்ஜின் பிளாக்கிலேயே ஒரு மைக்ரோஃபோனை இறுக்கி, நாக்கிங் சத்தம் கேட்டதும் டர்போ அழுத்தத்தைத் தானாகக் குறைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன் பின்னால் இருந்தவர் பெர் யில்பிராண்ட். ஊரே அவரை 'டர்போ பெல்லெ' என்று அழைத்தது. இன்று உங்கள் காரிலும் அந்த நாக் சென்சார் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பார்க்குக்குப் பிறகும் கொஞ்ச நேரம் மட்டும் காதைத் திறந்து கேட்டு, எந்த சிலிண்டர் சத்தம் போட்டதோ அதன் ஸ்பார்க்கை இரண்டு மூன்று டிகிரி தள்ளிப் போடுகிறது. பிறகு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு வருகிறது.

'அப்படியென்றால் சென்சார் பார்த்துக்கொள்ளுமே' என்பார்கள். சென்சார் என்பது வேலி. வேலியிலேயே சாய்ந்துகொண்டு தினமும் ஓட்டுவதற்கு வைத்ததில்லை. சத்தம் வந்த பிறகுதான் அதற்குக் கேட்கும், அதாவது ஒரு அடி விழுந்த பிறகு. இன்ஜினை முடிக்க அந்த ஒரே அடியே போதும் என்ற நிலையும் உண்டு. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சின்ன டர்போ இன்ஜின்களுக்கே உரிய வியாதி அது. உயர் கியரில், 1,500 - 2,000 ஆர்.பி.எம்.மில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால், ரிங்குக்கு மேலுள்ள இடுக்கில் தங்கிய ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி ஒன்று ஸ்பார்க்குக்கு முன்பே பற்றிக்கொள்ளும். அப்போது அழுத்தம் 200 பாரைத் தாண்டுவதுண்டு. ஸ்பார்க்கைத் தள்ளிப் போட்டு இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் ஸ்பார்க்குக்கு இதில் வேலையே இல்லை. இதற்காகவே ஆயில் தரங்களை மாற்றினார்கள். 2020-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரம் இந்தச் சோதனையையும் உள்ளடக்கியது. டின்னில் 'எஸ்.பி.' என்று இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ட்யூனர்கள் பலர் விளம்பரம் செய்வதோ, 'லோ எண்ட் டார்க் செமையாக இருக்கும்' என்றுதான். ஒரு லிட்டர் இன்ஜினில் இரண்டாயிரத்துக்குக் கீழே டார்க்கைக் கூட்டாத ட்யூனரைத்தான் நான் நம்புவேன்.

பங்க்கில் கேட்க வேண்டிய கேள்வி

ஆக்டேன் எண் என்பது பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு. அதில் கூடுதல் சக்தி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. நம் சாதாரண பெட்ரோலுக்குப் பல ஆண்டுகள் 91 என்பதே குறைந்தபட்சத் தரம். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-க்கு 95. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்த எக்ஸ்.பி.100-க்கு 100. கம்பெனி கொடுத்த ஸ்டாக் மேப்பிலேயே ஓடும் காருக்கு 100 ஆக்டேன் போட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆனால் 100-க்கென்று எழுதிய மேப்பை வைத்துக்கொண்டு, திண்டிவனம் தாண்டி டேங்க் காலியாகி, கிடைத்த பங்க்கில் சாதாரண பெட்ரோல் போட்டுவிட்டு அதே மிதி மிதித்தால் நடக்கும். எல்லா ஊரிலும் எப்போதும் கிடைக்கும் பெட்ரோலுக்குத்தான் மேப் எழுத வேண்டும். 'நான் பிரீமியம் மட்டும்தான் போடுவேன்' என்று சொல்பவரின் காரை ஒருநாள் மச்சான் வாங்கிக்கொண்டு போவார்.

எத்தனாலுக்கு இரண்டு முகம். நாக்கிங்கை நன்றாகத் தாங்கும், ஆவியாகும்போது குளிரவும் வைக்கும். ட்யூனருக்கு அதுவரை லாபம். ஆனால் கூடுதல் அளவு வேண்டும். ஒரு கிலோ சுத்த பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று என்றால் இ20-க்கு 13.5 கிலோ போதும். அதே காற்றுக்கு அதிகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். இன்ஜெக்டரும் ஹை-பிரஷர் பம்ப்பும் ஏற்கெனவே தங்கள் எல்லைக்கு அருகில் இருந்தால், காற்றழுத்தத்தை வேறு கூட்டியபின் மேல் ஆர்.பி.எம்.மில் பெட்ரோல் பற்றாமல் கலவை வறண்டுவிடும். முழு மிதியில் வறண்ட கலவை என்றால் சிலிண்டர் சூடேறும், சூடேறினால் நாக்கிங். பழைய மேப்பை வெளிநாட்டு ஃபோரம் ஒன்றிலிருந்து இறக்கிப் போடுபவர்கள் இதை யோசிப்பதில்லை. ஜெர்மனியின் குளிருக்கும் அங்கத்துப் பெட்ரோலுக்கும் யாரோ எழுதிய எண்கள் அவை.

போர்டிகோவில் செய்யக்கூடியது

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்பவருக்குக் கதவைச் சாத்த நான் விரும்பவில்லை. கார் நமது, கற்றுக்கொள்ளும் ஆசை நல்ல ஆசை. வரிசை மாறக்கூடாது, அவ்வளவுதான். லேப்டாப் அதில் பின்னால்தான் வரும்.

முதலில் ஸ்பேனர். நான்கு பிளக்கையும், மூன்று சிலிண்டர் என்றால் மூன்றையும், கழற்றி வரிசையாக ஒரு வெள்ளைத் துணியில் வையுங்கள். எந்தப் பிளக் எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்பது மாறிவிடக் கூடாது. நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பீங்கானை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெளிர் பழுப்பாக, ஒரே சீராக இருந்தால் சரி. உப்பும் மிளகுமாகப் பொடிப் புள்ளிகள் தெரிந்தால், அதிலும் வெளிச்சத்தில் மினுங்கும் மணிகள் தெரிந்தால், அது அழுக்கு இல்லை. உங்கள் பிஸ்டனிலிருந்து கிளம்பிய அலுமினியம். ஸ்டாக் மேப்பிலேயே இப்படி இருக்கிற இன்ஜினில் கை வைக்கவே கூடாது. பிளக் கழன்றிருக்கும்போதே கம்ப்ரெஷன் டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட எல்லா சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். டர்போவிலிருந்து த்ராட்டில் வரை போகும் ரப்பர் ஹோஸ்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால், கேட்ட அழுத்தத்தை எட்ட டர்போ கூடுதலாகச் சுற்றும். ட்யூனிங் தப்பு என்று நினைத்து மேப்பில் தேடிக்கொண்டிருப்பீர்கள். புதுப் பிளக் போடும்போது அழுத்தம் கூடினால் ஸ்பார்க்கை அது ஊதி அணைக்காமல் இருக்க இடைவெளியைக் கொஞ்சம் குறைப்பது வழக்கம்.

பிறகு, எதையும் மாற்றாமல் படிப்பது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் டாங்கிள் பழகுவதற்குப் போதும், ட்யூனிங்குக்குப் போதாது. விநாடிக்குச் சில முறைதான் அது எண்களைக் கொண்டுவரும். நாக்கிங் அதற்கு நடுவில் வந்து போய்விடும். வேகமாகப் பதிவு செய்யும் கருவி வேண்டும். எதையெல்லாம் பதிய வேண்டும்? ஆர்.பி.எம்., கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம், உள்ளே போகும் காற்றின் சூடு, ஸ்பார்க் டிகிரி, சிலிண்டர் வாரியாக நாக் சென்சார் பின்வாங்கிய டிகிரி, கலவையில் காற்றின் விகிதத்தைக் காட்டும் லேம்டா, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரயில் குழாயின் அழுத்தம். ஸ்டாக் காரின் பதிவுகளை வெயிலிலும் மழையிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் அளவுகோல்.

அடுத்தது, ஒரிஜினல் ஃபைலைப் படித்து மூன்று இடத்தில் பத்திரப்படுத்துவது. பல புது கார்களின் இ.சி.யூ. பூட்டப்பட்டிருக்கும், பெட்டியையே பிரித்து சர்க்யூட்டில் கம்பி வைத்தால்தான் திறக்கும். அந்த நிலை வந்தால் வீட்டில் செய்யாதீர்கள். படிக்கும்போதும் எழுதும்போதும் பேட்டரி வோல்டேஜ் இறங்கவே கூடாது. ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுற்றினாலே இறங்கும். அதற்கென்றே இருக்கும் சீரான மின்சாரம் தரும் சார்ஜரை மாட்டி, விளக்கு, ப்ளோயர் எல்லாம் அணைத்து, லேப்டாப்பின் ஸ்லீப் மோடை நிறுத்திவிட்டு ஆரம்பிக்க வேண்டும். நம் ஊர் கரண்டை நம்பாமல் சார்ஜரை இன்வெர்ட்டரில் போடுவது உத்தமம். எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்றால் காரைக் கயிறு கட்டித்தான் இழுத்துப் போக வேண்டியிருக்கும்.

இன்னொன்று, ட்யூனிங்கோடு சம்பந்தமில்லாதது போலத் தோன்றும்: ஷட்டர் போட்ட கராஜிலோ, மூன்று பக்கமும் சுவர் வைத்த போர்டிகோவிலோ இன்ஜினை ஓடவிட்டு உட்காராதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி என்று தோன்றும்போது எழுந்து நடக்கத் தெம்பிருக்காது. காரை வாசலுக்குத் தள்ளிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்பு சிலிண்டரும் இருக்கட்டும்.

எண்களைத் தொடும்போது ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். முழு மிதியில் கலவை செழிப்பாக இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும், லேம்டா 0.80-க்கும் 0.88-க்கும் நடுவே பெரும்பாலான டர்போ இன்ஜின்கள் நிம்மதியாக இருக்கும். ஸ்பார்க்கை ஸ்டாக்கைவிடக் கொஞ்சம் பின்னால் வைத்துக்கொண்டு, அழுத்தத்தை 0.1 பாருக்கு மேல் ஒரே தடவையில் கூட்டாமல் ஏற வேண்டும். அதன் பிறகே ஸ்பார்க்கை அரை டிகிரி அரை டிகிரியாக முன்னால் கொண்டுவருவது. ஒரு கட்டத்தில் டிகிரி கூட்டியும் டார்க் கூடாது. அங்கே நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் கூட்டுவது இன்ஜினுக்கு அடி மட்டும்தான்.

பதிவை எப்படி வாசிப்பது என்பதற்கு ஒரு மாதிரி. மூன்றாவது கியர், 4,200 ஆர்.பி.எம். கேட்ட முழு அழுத்தம் 2.1 பார், கிடைத்தது 2.25. உள்ளே வரும் காற்று 48 டிகிரியிலிருந்து 66 ஆகியிருக்கிறது. ஒன்று, மூன்று, நான்காம் சிலிண்டர்களில் பின்வாங்கல் பூஜ்யம். இரண்டாவதில் மட்டும் 4.5 டிகிரி. ரயில் அழுத்தம் 200 பார் கேட்டதில் 172 வந்திருக்கிறது. ஆர்வக்காரர் கண்ணுக்கு இதில் முதலில் படுவது 2.25. 'கேட்டதைவிட அதிகம் வருதே!' என்று சந்தோஷப்படுவார். அங்கேயே ஒரு தப்பு: டர்போ அழுத்தத்துக்குக் கடிவாளமான வேஸ்ட்கேட்டின் கட்டுப்பாடு பிசகுகிறது. காற்று 18 டிகிரி ஏறியது, இன்டர்கூலர் மூச்சு வாங்குகிறது என்பதைக் காட்டுகிறது. 172 பார், பம்ப் கையை விரித்துவிட்டதைச் சொல்கிறது. இரண்டாம் சிலிண்டரின் 4.5-ஐ 'ஒரு சிலிண்டர்தானே' என்று தள்ளிவிட முடியாது. இன்ஜின் திறக்கப்படும்போது ஒரு பிஸ்டன்தான் உடைந்திருக்கும். இந்த மேப்பை ஒரு படி அல்ல, இரண்டு படி கீழே இறக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, போனட்டுக்குள் ஒரு வயரை மாற்றிச் செருகும் 'ட்யூனிங் பாக்ஸ்' போட்டால் போதாதா? அந்தப் பெட்டி செய்வது ஒரே வேலை: அழுத்த சென்சாருக்கு நடுவே நின்று பொய் சொல்வது. உண்மையில் 2.2 பார் இருக்கும்போது 2 என்று சொல்லும், இ.சி.யூ. 'இன்னும் வேண்டும்' என்று டர்போவைத் தள்ளும். ஆனால் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் இ.சி.யூ. கணக்கிடுவதும் அதே பொய்யான எண்ணை வைத்துத்தான். கழற்றுவது எளிது என்பதைத் தவிர அதற்கு நான் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை இல்லை.

எங்கே மிதிப்பது?

முழு மிதியில் பதிவு எடுக்காமல் ட்யூனிங் இல்லை. மூன்றாவது கியரில் ஆறாயிரம் ஆர்.பி.எம். வரை போனால் வேகம் நூறைத் தாண்டிவிடும். ஓ.எம்.ஆரிலோ எல் அண்ட் டி பைபாஸிலோ இரவு பதினொரு மணிக்கு, ஒரு கண் லேப்டாப்பிலும் ஒரு கண் ரோட்டிலும் வைத்து இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். இன்ஜின் போனால் பணம்தான். எதிரே ஹெட்லைட் இல்லாமல் வரும் டி.வி.எஸ். 50-க்கு இந்தக் கணக்கு தெரியாது. உருளை மேல் காரை நிறுத்தி ஓட்டும் டைனோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். முன்னால் வைக்கும் ஃபேன் நிஜ ரோட்டுக் காற்றுக்கு ஈடாகாது, அதனால் காற்றின் சூடு சீக்கிரம் ஏறும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே ஆறவிட வேண்டும். இல்லையென்றால் டிராக் இருக்கிறது. ஒருகாலத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக டிராக் திறந்தது. கோவைக்காரர்களுக்குச் செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரிலேயே ஒன்று. இந்த வசதி எல்லா மாநிலத்துக்கும் இல்லை.

இன்ஜின் தாங்கினாலும் அதன் பின்னால் இருப்பவை தாங்க வேண்டும். போலோ ஜி.டி.யில் வந்த ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டியின் உலர் க்ளட்ச்சுகள் 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும் என்று வகுக்கப்பட்டவை. ஸ்டாக் கார் தருவது 175. இடைவெளி நிறைய இருப்பதுபோல் தெரிந்தாலும், டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து ஏற்கெனவே தேய்ந்த க்ளட்ச்சுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பிரேக் பேட், டயர் இரண்டையும் பவரைக் கூட்டும் முன்பே மாற்றிவிடுபவர் புத்திசாலி. ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். விரட்டி ஓட்டியபின் வீட்டு வாசலில் உடனே ஆஃப் செய்யாமல், கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்தால் டர்போவின் பேரிங்கில் ஆயில் கருகாது.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும், இனிப்பாக இருக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரோட்டில் நிறுத்தும் போலீஸ்காரர் மேப்பைப் பார்க்கப் போவதில்லை என்பது உண்மை; விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கக்கூடும். வாரண்டிக்கும் அதே கதை. பல இ.சி.யூ.க்கள் எத்தனை முறை எழுதப்பட்டன என்ற எண்ணிக்கையைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கும். ஸ்டாக் ஃபைலைத் திரும்பப் போட்டாலும் அந்த எண்ணிக்கை குறையாது. சத்தத்துக்காகவும் இரண்டு குதிரைக்காகவும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றுபவர்களுக்கு நான் எந்த உதவிக்குறிப்பும் தர மாட்டேன். அவர்கள் பவருக்கான செலவைப் பின்னால் பைக்கில் வருபவர் நுரையீரலில் எழுதுகிறார்கள்.

சர்வீஸுக்கு விடும்போது 'சாஃப்ட்வேர் அப்டேட் வேண்டாம்' என்று ஜாப் கார்டில் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் மாதக்கணக்கில் செதுக்கிய மேப் அரை மணி நேரத்தில் ஸ்டாக்காகிவிடும். காரை விற்கும்போது நீங்களே ஸ்டாக் ஃபைலைத் திரும்ப ஏற்றி, முன்பு ட்யூன் செய்திருந்ததையும் வாங்குபவரிடம் சொல்லி, அந்தப் பதிவு ஃபைல்களையும் கையோடு கொடுத்துவிடுங்கள். விலை கொஞ்சம் குறைத்துக் கேட்பார், கேட்கட்டும்.